விண்டோஸ் 11-க்குள் எக்ஸ்பி, அதற்குள் பேஜ்மேக்கர்: கைகண்ட வழிகள் (அனுபவப் பகிர்வு)

எக்ஸ்பி போடுவதும் பிரின்ட் எடுப்பதும்

பக்கம் வடிவமைக்கும் பழைய புரோகிராமான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7. வந்தது 2001-ல். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடிக்கிற டிடிபி கடைகளில் பழைய வேலையெல்லாம் இன்னும் பி65, பிஎம்டி ஃபைல்களாகத்தான் கிடக்கிறது. புது மெஷினில் அவற்றைத் திறக்க, விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராம்) விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 போடுவதுதான் தொல்லை குறைந்த வழி.

ரேம் 512 எம்பி போதும், மிஞ்சினால் 1 ஜிபி. பிராசசர் ஒன்று. டிஸ்க் 20 ஜிபி. டிஸ்க் கன்ட்ரோலர் மட்டும் கட்டாயம் ஐடிஇ-யாக இருக்கட்டும். சாட்டா வைத்தால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று இன்ஸ்டலேஷன் நின்றுவிடும். ஐடிஇ-யில் போட்டு முடித்துவிட்டு அப்புறம் சாட்டாவுக்கு மாற்றினால் 7பி என்று முடியும் நீலத்திரை. எக்ஸ்பி சிடியில் சாட்டாவுக்கான ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது, அதுதான் காரணம்.

பேஜ்மேக்கர் ஏறிவிடும். மல்லுக்கட்டு தொடங்குவது பிரின்ட் கொடுக்கும்போதுதான். கடை பிரின்டரை எக்ஸ்பிக்குள் இழுத்துவர முயலாதீர்கள். எக்ஸ்பியில் ஆட் பிரின்டர் போய், போர்ட்டாக 'ஃபைல்' என்பதைத் தேர்ந்து, பெயர் 'பிஎஸ்' என முடிகிற, ஏ3 தாங்குகிற ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரைச் சேருங்கள். ஏ4 மட்டும் தெரிந்த டிரைவர் என்றால் ஏ4 பக்கத்தின் கிராப் மார்க் (ஓரம் வெட்டுவதற்கான அடையாளக் கோடு) வெட்டுப்படும். பிரின்ட் கொடுத்ததும் வரும் ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் போட்டு, வெளியே விண்டோஸ் 11-ல் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் கொண்டு பிடிஎஃப் ஆக்கினால் வேலை முடிந்தது. ஃபான்ட்டைச் சேர்த்தனுப்பும் ஆப்ஷனை டிரைவரில் பார்த்துக்கொள்ளுங்கள். அது விட்டுப்போனால் தமிழ் மொத்தமும் ஆங்கிலக் கிறுக்கலாக வந்து நிற்கும்.

பச்சை ஆமை

மேலே சொன்னதை எல்லாம் சரியாகச் செய்தும் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறதா? விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன ஐகான் வரிசை இருக்கும். அதில் பச்சை நிறத்தில் ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி பிராசசரைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது என்று அர்த்தம். ரேமைக் கூட்டி ஒரு பயனும் இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் போய் மெமரி இன்டெக்ரிட்டியை அணையுங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். ஆமை போய் 'வி' வந்தால் சரி. மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி என்பதையும், விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை நம்பியிருக்கும் லினக்ஸ் சப்சிஸ்டம் படுத்துவிடும் என்பதையும் யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

போர்ட் 378

டாங்கில் (செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் என்கிற லைசென்ஸ் பூட்டு), ஸ்கேனர் பற்றி. யுஎஸ்பி டாங்கில் என்றால் கவலையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் யுஎஸ்பி ஃபில்டர் ஒன்று சேர்த்தால் எக்ஸ்பி எழும்போதே அதற்குப் போய்விடும். கன்ட்ரோலரை 1.1 அல்லது 2.0-வில் வையுங்கள், 3.0-க்கு எக்ஸ்பியிடம் டிரைவர் இல்லை. 64 பிட் டிரைவர் வராத பழைய ஸ்கேனரும் இதே வழியில் உயிர்பெறும். சீரியல் கேபிளுக்குள் பழைய பிஎல்2303 சிப் இருந்தால், 2012-லேயே கைவிடப்பட்டது என்று விண்டோஸ் 11 டிரைவர் வேலைசெய்ய மறுக்கும். கேபிளை எக்ஸ்பிக்குக் கொடுத்துப் பழைய டிரைவரைப் போட்டால் ஓடும்.

25 பின் பேரலல் டாங்கில் வேறு கதை. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி டு பேரலல் கேபிள், தன்னைப் பிரின்டர் என்று மட்டுமே சொல்லிக்கொள்ளும். டாங்கிலோ 378 என்ற முகவரியில் நேரே பேசப் பார்க்கும். இரண்டும் சந்திக்கவே வழியில்லை. காசைக் கரியாக்க வேண்டாம்.

டாஸ் பில்லிங் புரோகிராமை எக்ஸ்பியிலேயே ஓட்டி டாட் மேட்ரிக்ஸில் அடிக்க வேண்டும் என்றால் அதே கேபிள் உதவும். பிரின்டரை எக்ஸ்பிக்குள் இன்ஸ்டால் செய்து, ஷேர் கொடுத்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்புங்கள். புரோகிராம் எல்பிடி1 என்று நினைத்து அனுப்புவது யுஎஸ்பி வழியாகப் போய்ச் சேரும். நெட்வொர்க் கேபிள் கழற்றிய நிலையில் இருந்தால் இந்தத் திருப்பல் நடக்காது. எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கொடுப்பதும் ஆபத்து, ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8-ல். இரண்டுக்கும் ஒரே தீர்வாக 'இன்டர்னல் நெட்வொர்க்' தேர்ந்து, ஐபி எண்ணைக் கையால் கொடுத்துவிடுங்கள். ஷேர்டு ஃபோல்டர் நெட்வொர்க்கை நம்பி இல்லை, விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் போட்டிருந்தால் போதும்.

ஷேர்டு ஃபோல்டர் இருக்கும்போது, எக்ஸ்பிக்காக விண்டோஸ் 11-ல் எஸ்எம்பி1-ஐ (பாதுகாப்பில்லாத பழைய ஃபைல் பகிர்வு முறை) திறந்துவிடும் யோசனையை யாரும் இங்கே சொல்லாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

அரைப்புள்ளி

ஃபைலைத் திறந்தாயிற்று, உள்ளிருக்கும் எழுத்தை வெளியே எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு. பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய ஃபான்ட்) அடித்த 'தமிழ்' என்ற சொல்லை கிளிப்போர்டு வழியாக வெளியே ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என ஐந்து குறிகளாக விழும். பழுதல்ல, ஃபைலில் இருப்பதே அதுதான். யூனிகோட் மாற்றியில் போட வேண்டும்.

சொந்தமாக மேக்ரோ எழுதுகிறவர்கள் கவனிக்க: பாமினியில் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். 'கொ' என்பது பாமினியில் என், எஃப், எச் என மூன்று குறி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து முதலில் மாற்றிவிட வேண்டும். தனித்தனியாக மாற்றினால் கொம்பு முந்திய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றுவதற்கு முன்பு வேர்டில் ஒட்டி எடிட் செய்யாதீர்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் அங்கே காத்திருக்கும். சின்ன 'என்' ஒற்றைக்கொம்பு, பெரிய 'என்' இரட்டைக்கொம்பு. 'கெடு முடிந்தது' என்று அடிக்கப் போனால் 'கேடு முடிந்தது' என்று அச்சாகும்.