கோயில் நாட்காட்டிச் செயலி: எக்ஸ்போவா, கெப்பாசிட்டரா?

வணக்கம். மொரீஷியஸ் கோயில்களின் விழா நாட்காட்டியை வெப், ஆண்ட்ராய்டு, ஐபோன் மூன்றுக்கும் ஒரே கோடில் எழுதுகிறோம். அதற்கு உதவும் கருவிகள்தான் ஃபிளட்டர், எக்ஸ்போ, கெப்பாசிட்டர். தமிழ், பிரெஞ்சு இரண்டும் வேண்டும். நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். நினைவூட்டல் வர வேண்டும். எழுதுபவர்கள் இருவர், இருவருக்கும் டைப்ஸ்கிரிப்ட் நிரல்மொழி நன்றாகத் தெரியும். வரும் தைப்பூசக் காவடிக்கு முன் வெளியிட்டாக வேண்டும்.

முதலில் ஃபிளட்டரை முயன்றோம். போனில் அருமை. வெப்பில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்டைச் செயலியோடு சேர்த்ததும் சரியானது. ஆனால் பக்கம் முழுவதும் கேன்வாஸில் படம்போல வரையப்படுவதால் தேடுபொறிக்கு உரை சரியாகக் கிடைப்பதில்லை. ரோஸ் ஹில் ஊரில் இருப்பவர் கூகுளில் தேதி தேடித்தானே வருவார்? அதனால் விட்டோம்.

அடுத்து எக்ஸ்போ. எக்ஸ்போ ரவுட்டரின் ஸ்டாட்டிக் ரெண்டரிங் (பக்கங்களை முன்கூட்டியே உரையோடு உருவாக்கி வைப்பது) தேடல் சிக்கலைத் தீர்த்தது. இடிப்பது எக்ஸ்போ-எஸ்கியூலைட், அதாவது நெட் இல்லாதபோதும் தரவைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம். வெப்பில் அதற்கு ஷேர்ட்அரேபஃபர் (பிரௌசரின் பகிர்வு நினைவக வசதி) தேவை, அதற்குச் சர்வர் அனுப்பும் சிஓஓபி, சிஓஇபி என்ற பாதுகாப்பு ஹெடர்கள் தேவை. நாங்கள் தளத்தை வைத்திருக்கும் கிட்ஹப் பேஜஸில் அவற்றை அமைக்க வழியில்லை. ஹெடர் வைக்கக்கூடிய ஹோஸ்டுக்கு மாற்றினால், பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோக்கள் திறக்க மறுக்கின்றன.

வெறும் பிடபிள்யூஏ (செயலிபோல நிறுவக்கூடிய வெப்சைட்) போதாது: ஐபோனில் வெப் புஷ், அதாவது வெப்சைட் அனுப்பும் நினைவூட்டல், ஐஓஎஸ் 16.4 முதல்தான், அதுவும் ஹோம் ஸ்க்ரீனில் சேர்த்தவர்களுக்கு மட்டும்.

எக்ஸ்போவிலேயே இருந்து, வெப்புக்கு மட்டும் சேமிப்பைப் பிரௌசரின் சொந்தத் தரவுத்தளமான இண்டெக்ஸ்டுடிபியில் தனியாக எழுதுவதா, அல்லது பழைய ஆண்ட்ராய்டு போன்களில் வெப்வியூ மெதுவாக ஓடினாலும், செயலிக்குள் வெப் பக்கத்தையே அந்த வெப்வியூவில் காட்டும் கெப்பாசிட்டருக்கு மாறுவதா?