மோட்டர் கொழும்புக்கு வருகிறது, தம்பியும் வர வேண்டுமா?

மஸ்கெலியாக்காரன்:
கொழும்பு பஞ்சிகாவத்தையில் மோட்டர் வைண்டிங் கடையொன்றில், எரிந்த மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டுகிற வேலையை ஒன்பது வருடமாகச் செய்கிறேன். போன புதன்கிழமை லொறியில் வந்த ஒரு த்ரீ பேஸ் மோட்டரை (மூன்று லைனில் கரண்ட் எடுக்கிற பெரிய மோட்டர்) கழற்றினால் உள்ளே ஒரு கை தேயிலைத் தூள். மேலே வெள்ளைப் பெயின்டில் பெக்டரியின் பெயர். மஸ்கெலியாத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து நடந்தே போகலாம்! வேலை தேடி நான் இறங்கி வந்த அதே வழியில் அந்த மோட்டரும் வந்திருக்கிறது. கட்டி முடித்துத் திருப்பி அனுப்ப ஐந்து நாள் ஆனது. அங்கே கட்டத் தெரிந்த ஒருவன் இருந்தால் லொறிக் கூலியாவது மிஞ்சும்.

தம்பி இந்த முறை ஓ.எல். எழுதிவிட்டான். பக்கத்துப் பயிற்சி நிலையத்தில் இருப்பது கணினி, தையல், அழகுக்கலை, வீட்டு வயரிங். வயரிங் வகுப்பில் டியூப் லைட்டும் டூ வே சுவிட்சும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பார்ப்பதற்குக்கூட ஒரு த்ரீ பேஸ் மோட்டர் கிடையாது. சுற்றிலும் தேயிலை பெக்டரிகள்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை போல. அதில் சேர்ப்பதா, என்னோடு இங்கே கூட்டி வருவதா?

கொழுந்து வாசம்:
தம்பி, நான் நோர்வூட் பக்கம் ஒரு பெக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர். எங்களுக்கு வைண்டிங்காரன் அவ்வளவு அவசரமில்லை. மோட்டர் எரியாமல் பார்த்துக்கொள்பவன்தான் வேண்டும். கரண்ட் கூடினால் மோட்டரை நிறுத்துகிற ஓவர்லோட் ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறதென்று, யாரோ அதன் டயலை உச்சத்துக்குத் திருப்பி விட்டுப் போய்விட்டான். அப்புறம் ஒரு இரவு ஒரு பேஸ் விழுந்தது, அதாவது மூன்று லைனில் ஒன்றில் கரண்ட் நின்றது; ரிலே நிறுத்தவில்லை. வாட்டுகிற தட்டின் பேன் எரிந்து, காலையில் கொழுந்து சூடேறிச் சிவந்து கிடந்தது. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவுண்டபவுட்:
படித்துக் கொடுத்தால் அடுத்த வருடம் கட்டாருக்குப் பறப்பான். அங்கே தருகிற சம்பளத்தைத் தோட்டத்தில் யார் தரப்போகிறார்கள்? அதையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நிலையத்தை மட்டும் திட்ட வேண்டாம். பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பு நடக்காது, மோட்டர் தெரிந்த போதனாசிரியர் மலைக்கு வர மாட்டார். மோட்டர் வைண்டிங்குக்கும் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. 4ஆம் மட்டம் வரை எடுத்தால் தனியாக நின்று வேலை செய்யக்கூடியவன் என்று அர்த்தம். வகுப்போடு வேலைத்தளப் பயிற்சியும் உண்டு. ஆகவே தம்பி வயரிங்கில் சேரட்டும், பயிற்சிக்கு அவனை எடுப்பதாக பெக்டரியிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்குங்கள். வெறும் கோரிக்கையை விட, நான்கு பெக்டரிகளின் கடிதம் இருந்தால் நிலையத்தில் மோட்டர் பாடநெறி கேட்பது லேசு. இன்னொன்று, உங்களிடம் சான்றிதழ் இருக்கிறதா? ஒன்பது வருட வேலையைக் காட்டி, மதிப்பீட்டுக்குப் போய் என்.வி.கியூ. எடுக்கலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று தேசிய பயிலுனர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் கேளுங்கள். நாளைக்கு நீங்களே ஊர்ப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக் கொடுக்கலாம்.

மஸ்கெலியாக்காரன்:
என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை ஐயா. அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

கட்டார் சொன்னவருக்கு: கொழும்பிலும் நான் சம்பளத்தில் பாதியை அறை வாடகைக்கும் கடைச் சாப்பாட்டுக்கும்தான் கொடுக்கிறேன்.

டீ மேக்கர் அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு அந்த மோட்டரிலிருந்து கழற்றிய பழைய கொயில்களை (கம்பிச் சுற்றுகளை) மறுபடி எடுத்துப் பார்த்தேன். சில கொயில்கள் கரியாகி, அவற்றுக்கு இடையில் இருந்தவை புதிதுபோல இருந்தன. பேஸ் விழுந்த கதையேதான். ஒன்பது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டே கட்டிக் கட்டி அனுப்பியிருக்கிறேன். கடையில் கழித்துப் போட்ட ஓவர்லோட் ரிலே ஒன்றைத் தம்பிக்கென்று முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். அவனையும் கூட்டிக்கொண்டு வந்தால், பெக்டரியில் இருப்பீர்களா?