அருஞ்சொற்பொருளை ஒப்பிக்கிறார்கள், எழுதும்போது சொல் கைகொடுப்பதில்லை

கேள்வி: ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வொரு பாடத்திலும் பத்துப் பன்னிரண்டு அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். தேர்விலும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் சென்ற வாரம் 'இன்னல்' என்ற சொல்லை வைத்துச் சொந்தமாக வாக்கியம் அமைக்கச் சொன்னபோது, நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, 'எனக்கு நேற்று இரவு பல் இன்னலாக இருந்தது' என்று எழுதியிருந்தாள். இன்னல் என்றால் துன்பம் என்று நான் சொன்னதை நம்பித்தானே எழுதியிருக்கிறாள். அவள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருளோடு புழக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்க நீங்கள் கையாளும் வழிகளைச் சொல்லுங்கள்.

மறுமொழி: தொடக்கப்பள்ளி ஆசிரியர்

பன்னிரண்டு சொற்கள் மிகுதி, அம்மா. நான்கு போதும். அவற்றையும் தனித்து எழுதாமல், வழக்கில் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகின்றனவோ அதனோடு எழுதிப்போடுங்கள்: 'இன்னலுக்கு ஆளானார்கள்', 'இன்னல் தீர்ந்தது', 'ஐயம் எழுந்தது', 'ஐயம் நீங்கியது'. அந்த அட்டைகள் ஒரு மாதமாவது வகுப்புச் சுவரில் இருக்கட்டும். மறுநாளும் அடுத்த வாரமும், வேறு பாடம் நடத்தும்போதும்கூட, அச்சொற்களை நம் பேச்சில் நாமே வலியக் கொண்டுவர வேண்டும். ஒரு முறை கேட்ட சொல் பிள்ளைகளிடம் தங்குவதில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை மாவட்டம்

மேலே சொன்னது சரியே. ஆயினும் சொல்லின் குடும்பத்தைக் காட்டாவிட்டால் அந்த நான்கும் நான்காகவே நின்றுவிடும். ஒரு நாள் 'நட' என்னும் வினையைக் கரும்பலகையில் எழுதி, அதிலிருந்து பிறந்த சொற்களைக் கேட்டேன். நடை, நடத்தை, நடப்பு, நடைமுறை என்று வந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் 'நடவு' என்றான், மறுக்காமல் எழுதினேன். சற்று நேரத்தில், 'நாற்று எங்கே ஐயா நடக்கிறது, நாம்தானே நடுகிறோம்' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. உடனே 'நடு' என்று தனிக் கிளை வரைந்து நடவை அங்கே மாற்றினோம். வரலாற்றுப் பாடத்தில் படித்த 'நடுகல்' அதே கிளையில் வந்து சேர்ந்தபோது அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. மாம்பிஞ்சு வடு, தென்னம்பிஞ்சு குரும்பை, வாழைப்பிஞ்சு கச்சல், பலாப்பிஞ்சு மூசு என்று தேவநேயப் பாவாணர் தொகுத்துக் காட்டிய சொற்களில் சிலவற்றை அவர்கள் வீட்டுப் பாட்டிமாரிடமே கேட்டு வரலாம். வீட்டுச் சொல்லைக் கொச்சை என்று தள்ளிவிட்டு நூற்சொல்லை மட்டும் புகட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மறுமொழி: உயர்நிலைப்பள்ளி ஆசிரியை

அகராதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கண்டான்' என்ற சொல்லை என் மாணவன் ஒருவன் 'க' வரிசையில் தேடித் தேடிச் சோர்ந்துபோனான். அது 'காண்' என்ற பதிவில் அல்லவா இருக்கிறது! 'வந்தான்' என்பதற்கு 'வா', 'சென்றான்' என்பதற்கு 'செல்' என்று சொல்லின் அடியாகிய பகுதியைப் பிரித்தறிய முதலில் பழக்கிவிட்டு, அதன்பின் அகராதியைக் கையில் கொடுங்கள். சொல்லைப் பகுதி, விகுதி முதலிய உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணம் எதற்கென்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நாளை 'இன்னல்' என்ற சொல்லையே மீண்டும் எடுக்கிறேன். முதல் அட்டையை அந்த மாணவியின் கையாலேயே எழுதச் சொல்லப்போகிறேன்.