புரோக்கருக்கு ரெரா பதிவு: மனை வாங்குகிறவனுக்கு அதனால் என்ன?

ஆவடிக்காரன் | ஞாயிறு, காலை 10:40

திருவள்ளூர் பக்கம் ஒரு லேஅவுட்டில் மனை பார்த்தேன். விலை 18 லட்சம். வேனில் திரும்பும்போதே புரோக்கர் ஆரம்பித்துவிட்டார்: "ரெண்டு பார்ட்டி காத்திருக்காங்க சார், 50,000 டோக்கன் போட்டா உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்." பணம் போடச் சொன்னது அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தரும் ஏஜென்ட் நம்பர் இருக்கா என்று கேட்டால், "அதெல்லாம் பில்டருக்குத்தான் சார்" என்று சிரிக்கிறார்.

ரெரா சட்டம் முழுசாக அமலுக்கு வந்தது 2017 மே மாதம். ஆட்டோ ஓட்டவே லைசென்ஸ் கேட்கிற ஊரில், ஒருத்தன் வாழ்நாள் சேமிப்பைக் கைமாற்றி விடுகிறவருக்கு ஒன்றும் வேண்டாமா? வீட்டு புரோக்கர், மனை புரோக்கர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஆணையம் பரீட்சை வைத்துத்தான் லைசென்ஸ் தரணும். மறுப்பவர்கள் வாங்க.

டீக்கடை பெஞ்ச் | 11:15

நான் மறுக்கிறேன் தம்பி. முப்பது வருஷமா இதே தொழில். மாசத்துக்கு நாலு வாடகை வீடு, வருஷத்துக்கு ரெண்டு மூணு கிரயம். தனி ஆள் ஏஜென்டா பதிவு பண்ண 25,000 ரூபாய், கம்பெனின்னா 50,000. கூடவே பான் கார்டு, மூணு வருஷ வருமான வரிக் கணக்கு. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் கணக்கு வச்சிருக்கிறதே சிகரெட் அட்டை பின்னாடிதான்.

பட்டா யார் பேர்ல நிக்குது, பங்காளி எவன் கேஸ் போடுவான், மழைக்கு எந்த மூலையில தண்ணி தேங்கும்னு எனக்குத் தெரியும். பரீட்சை எழுதிட்டு டை கட்டிட்டு வர்ற பையனுக்குத் தெரியுமா?

இன்னொண்ணு. அங்கீகாரம் இல்லாத மனை வியாபாரத்தை நிறுத்தினது எந்த லைசென்ஸ்? 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டுது. அடுத்த வாரமே எங்க ஏரியா ஈ ஓட்டுச்சு. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் கதவைச் சாத்தினா வேலை முடிஞ்சுது. எங்க கழுத்துல அட்டை மாட்டி என்ன ஆகப் போகுது?

குமாஸ்தா | 11:52

ரெண்டு பேரும் சட்டத்தில் இல்லாததைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

ஏஜென்ட் பதிவு 2016-இல் இயற்றிய அந்த ரெரா சட்டத்தின் 9-ஆம் பிரிவில் வருகிறது. ஆணையத்தில் பதிவான திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுப்பவருக்குத்தான் அது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது எட்டு யூனிட்டுக்கு மேல் என்றால் திட்டம் பதிவாகியே தீர வேண்டும். வாடகை வீடு, தனி ஆள் விற்கும் பழைய வீடு எதுவும் இதில் வராது. ஆகவே பெஞ்ச் அண்ணே, உங்கள் தொழிலில் முக்கால்வாசிக்கு யாரும் 25,000 கேட்கவில்லை.

ஆவடிக்காரர் போன இடம் லேஅவுட். அதை விற்கிறவர் பதிவு இல்லாமல் ஒரு மனையைக்கூடக் காட்டக் கூடாது. "பில்டருக்குத்தான்" என்று அவர் சொன்னது பொய்.

அபராதத்தையும் பாருங்கள். 62-ஆம் பிரிவுப்படி நாளொன்றுக்கு 10,000. ஆனால் அந்த மனை விலையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. 18 லட்சம் மனைக்கு உச்சம் 90,000. ஒன்பதே நாளில் மீட்டர் நின்றுவிடும். இரண்டு பர்சன்ட் கமிஷன் என்றால் அவருக்கு ஒரு கிரயத்தில் 36,000. வருஷத்தில் பத்து மனை தள்ளிவிடுகிறவர், எப்போதாவது ஒன்றில் மாட்டினால் என்ன கெட்டுப்போகும்?

கோவைப் பொண்ணு | மதியம் 12:30

நான் பதிவு பெற்ற ஏஜென்ட். அஞ்சு வருஷத்துக்குச் செல்லும் சான்று ஆபீஸ் சுவரில் தொங்குது, நோட்டீஸில் எல்லாம் நம்பர் போடறேன், கணக்குப் புத்தகம் வச்சிருக்கேன். பக்கத்துக் கடைக்காரர் இது எதுவும் இல்லாமல் அதே லேஅவுட்டில் அதே கமிஷன் வாங்கறார். அப்போ நான் கட்டினது எதுக்கு?

பெஞ்ச் அண்ணா, அனுபவத்தை யாரும் குறை சொல்லலீங்க. ஆனா தண்ணி எங்க தேங்கும்னு தெரிஞ்சும் விற்கிறவன் முன்னாடி வாயைத் திறக்காத அனுபவஸ்தர்களையும் நான் பார்த்திருக்கேன். தப்புப் பண்ணினா ஆணையத்தில் என்மேல் புகார் போடலாம், பதிவையே ரத்து செய்யலாம். பதிவே இல்லாதவர்கிட்ட எதை ரத்து செய்வாங்க?

எனக்கு ஆணையத்து மேலதான் கோபம். திட்டத்தைப் பதிய வரும்போதே பில்டர் தன் ஏஜென்ட்கள் பேரையும் முகவரியையும் கொடுக்கணும்னு 4-ஆம் பிரிவு சொல்லுது. அந்தப் பட்டியலுக்கு வெளியே யாருக்கும் கமிஷன் போகக் கூடாதுன்னு பில்டர் குடுமியைப் பிடிச்சா, தெருத்தெருவா புரோக்கரைத் தேட வேண்டியதில்லை.

டீக்கடை பெஞ்ச் | 1:05

கடைசியில சொன்னது சரி தாயி. ஆனா பரீட்சைங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். மகாராஷ்டிராவுல 2023-லேர்ந்து ஏஜென்டுக்குப் பயிற்சி, பரீட்சை எல்லாம் கட்டாயம் ஆக்கிட்டாங்க. அது நம்மூருக்கு வந்தா என்னை மாதிரி ஆளு பெஞ்சை விட்டு எழுந்திரிக்க வேண்டியதுதான். எங்க இடத்துக்குப் பெரிய கம்பெனி வரும். அவன் மட்டும் யோக்கியனா?

தெம்பனிஸ் அக்கா | 1:48

சிங்கப்பூரிலிருந்து எழுதுறேன், தப்பா நினைக்காதீங்க. இங்கே 2010-ல வீட்டு ஏஜென்ட்களைக் கண்காணிக்க சிஇஏன்னு ஒரு அரசு அமைப்பு வந்தது. பரீட்சை உண்டு, வருஷா வருஷம் பதிவைப் புதுப்பிக்கணும், ஏஜென்ட் கொடுத்த போன் நம்பரைத் தட்டினாலே அவர் பதிவானவரா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

ஆனா எங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டை விற்றப்போ எனக்கு உதவினது வேற ரெண்டு விதி. வீடு விற்கிற, வாங்கிற பணத்தை ஏஜென்ட் தொடவே கூடாது. எங்க ஏஜென்ட் காசோலையை வாங்கிப் பையில் வைக்கக்கூட மாட்டேன்னார். அப்புறம் ஒரே ஆள் வாங்கறவருக்கும் விற்கறவருக்கும் சேர்ந்து ஏஜென்டா இருக்க முடியாது. தம்பிகிட்ட டோக்கன் கேட்டவர் பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கியிருந்தாலும் அந்த 50,000 அவர் ஜிபேக்குத்தானே போகும்?

ஆவடிக்காரன் | 2:20

அக்கா சொன்னதைப் படித்ததும் பரீட்சை விஷயத்தில் என் பிடி கொஞ்சம் தளர்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருக்கா, குமாஸ்தா சார்?

குமாஸ்தா | 2:41

ஏஜென்டின் கடமைகளை 10-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவில்லாத திட்டத்தை விற்காதே, கணக்கு வை, பொய் விளம்பரம் செய்யாதே, புக்கிங் நேரத்தில் ஆவணங்கள் வாங்குபவர் கைக்குப் போகும்படி பார்த்துக்கொள். "முன்பணத்தைக் கையால் தொடாதே" என்று ஒரு வரி அதில் இல்லை. 13-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அது பில்டருக்குப் போட்ட கடிவாளம். 18 லட்சத்தில் 50,000 மூன்று சதவீதம்கூட இல்லை. ஓட்டை சரியாக அங்கேதான்.

டீக்கடை பெஞ்ச் | 3:30

ரெண்டு பக்கமும் ஒரு பர்சன்ட் வாங்காட்டி எங்க வீட்டுல உலை கொதிக்காது அக்கா, அதுல கை வைக்காதீங்க.

பணத்தைத் தொடறது வேற. நானும் தொட்டவன்தான். ஒரு தடவை ஒரு லட்சம் டோக்கன் என் பீரோவுல இருந்துச்சு. விற்கிறவர் மனசு மாறிட்டார், வாங்கறவர் கொடுத்தது ரெண்டு லட்சம்னு சாதிச்சார். ராத்திரி பதினோரு மணிக்கு வாசல்ல ஆறு பேர். என் சம்சாரம் தாலியைக் கழட்டி வச்சுட்டு "இந்தா எடுத்துட்டுப் போங்க"ன்னா. அன்னையிலேர்ந்து செக் விற்கிறவர் பேருக்கு, ஒரு பேப்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்து, எனக்கு ஒரு ஜெராக்ஸ். அவ்வளவுதான். லைசென்ஸ் வேண்டாம்னு இப்பவும் சொல்றேன். பணத்தைத் தொடாதேன்னு ஒரு விதி போட்டா நானே முதல் ஆளா கையெழுத்துப் போடறேன்.

கோவைப் பொண்ணு | 3:44

பதிவே இல்லாத உங்கமேல அந்த விதியை யாருங்கண்ணா அமல்படுத்துவாங்க?

டீக்கடை பெஞ்ச் | 3:58

யோசிக்கிறேன்.

ஆவடிக்காரன் | மாலை 6:10

அப்டேட். புரோக்கரை மறுபடி கேட்டதும் "இந்தாங்க சார் ரெரா நம்பர்" என்று ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்தால் நடுவில் "லேஅவுட்" என்று இருக்கிறது. திட்டத்தின் நம்பரைத் தன் நம்பர் மாதிரி அனுப்பியிருக்கிறார்.

கோவைப் பொண்ணு | 6:16

ஏஜென்ட் நம்பர்னா அந்த இடத்தில் "ஏஜென்ட்"னு இருக்கும். அந்த லேஅவுட் நம்பரையே ஆணையத்து வெப்சைட்டில் போட்டு, பில்டர் யார் யாரை ஏஜென்டா காட்டியிருக்கார்னு பாருங்க.

ஆவடிக்காரன் | 6:49

பார்த்தேன். மூணு பேர். இவர் இல்லை. இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ரெண்டு மிஸ்டு கால், அப்புறம் ஒரு மெசேஜ்: "சார், 30,000 போட்டாலும் ஓகே."