தகவல் உரிமைச் சட்டம் யாருடைய உழைப்பு?

கரிசல்மணி:
தகவல் அறியும் உரிமைச் சட்டம் படித்தவர்கள் வாங்கித் தந்தது, ஏழைகளுக்கு அதில் பங்கில்லை என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு, செய்த வேலையின் அளவு குறைகிறது என்று சொல்லிக் கூலியை வெட்டினார்கள். அளந்து எழுதியதைக் காட்டுங்கள் என்று கேட்டால், யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி என்று எழுதும் மஸ்டர் ரோல் பதிவேடு அரசாங்க ரகசியம் என்றார்கள். இந்தச் சட்டத்துக்கு விதை அந்தக் கூலிச் சண்டைதான். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கியது. 1994 டிசம்பரில் கோட்கிரானாவில் முதல் பொது விசாரணை. கையில் கிடைத்த பதிவேடுகளை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது ஊருக்கே தெரிந்தது.

பழைய_கோப்பு:
மணி, அந்த மக்களின் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1975-லேயே ராஜ் நாராயண் வழக்கில், அரசின் செயல்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கடனைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்தவர். டெல்லியில் பத்திரிகை ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் பேசியிருக்காவிட்டால், கூலிக்காரர் குரல் மாவட்டத்தைத் தாண்டியிருக்காது. நம் தமிழ்நாட்டையே பாருங்கள். எந்தப் போராட்டமும் இல்லாமல் 1997-லேயே சட்டம் வந்தது. ராஜஸ்தானுக்கு 2000-ல்தான்.

செல்வி_மேலூர்:
அண்ணா, நம்ம ஊர்ச் சட்டத்தை நீங்கள் எடுத்துக்காட்டியதே மணி அண்ணன் பக்கம்தான் சேரும். தகவல் தர மறுக்க இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகளோடு வந்த சட்டம் அது. அதை வைத்து எந்தக் கிராமம் கணக்குக் கேட்டது? ராஜஸ்தானிலோ, 1996 ஏப்ரலில் பியாவர் என்ற ஊரில் தகவல் உரிமை கேட்டு நாற்பது நாள் தர்ணாவில் உட்கார்ந்தவர்களுக்கு ஊர் ஊராகத் தானியம் வந்தது. சந்தைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள்.

2005 சட்டத்தை வாசித்துப் பாருங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், எழுத்தில் பதிய அதிகாரி உதவ வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. நடக்கிற வேலையை நேரில் போய்ப் பார்க்கலாம், போட்ட பொருளில் மாதிரி எடுக்கலாம். சிமெண்டில் மண் கலப்பதைக் கண்ணால் பார்த்தவர்களின் கவலை இதில் இருக்கிறது. முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் அபராதம் விதிக்கலாம். அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பழைய_கோப்பு:
அந்தப் பிரிவுகள் நல்லவைதான், தங்கச்சி. ஆனால் அவற்றை வரைந்தது சட்டம் தெரிந்தவர்கள்தானே? கோபம் மட்டும் இருந்தால் மனு எழுதலாம், மசோதா எழுத முடியாது.

கரிசல்மணி:
வரைந்தவர்களுக்கு எதை வரைவதென்று சொன்னது யார்? 2002-ல் மத்திய அரசு ஒரு தகவல் சுதந்திரச் சட்டம் போட்டது. அது அமலுக்கே வரவில்லை. அப்போதும் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கீழேயிருந்து நெருக்கடி ஓயாமல் இருந்ததால்தான் 2005-ல் வலுவான சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையும் சேர்ந்தது.

செல்வி_மேலூர்:
இப்போதைய ஆபத்தையும் பேசுவோம். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றுகிறது. தனிநபர் தகவல் என்று சொல்லியே மறுக்க அது வழி விடுகிறது. மஸ்டர் ரோலில் இருப்பது முழுக்க ஆட்களின் பெயர்தான். பெயரை மறைத்துக் கொடுத்தால், வேலைக்கு வராதவருக்குக் கூலி போனதைக் கிராம சபையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_கோப்பு:
இதில் நான் உங்கள் பக்கம். பெயரில்லாத பட்டியல் கணக்குக் கேட்க உதவாது. ஆனால் இந்த மாற்றத்தை எதிர்க்கவும் வழக்கறிஞர் வேண்டும், நீதிமன்றம் வேண்டும். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.