பைத்தான் 2.7-இல் எண்ணை 4 பைட்டாக மாற்றுவது எப்படி?

துவாஸ்_நைட்ஷிப்ட்:
கிடங்கில் உள்ள எடை மெஷினோடு பேசுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் பைத்தான் 2.7, அப்கிரேடு பண்ணவே கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அலாரம் வரம்பை கிராமில், 4 பைட்டாக, பிக் எண்டியனில் (அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) அனுப்பு என்கிறது மேனுவல். வீட்டு லேப்டாப்பில் எண்ணை பைட்டாக்கும் டு_பைட்ஸ் அழகாக ஓடியது, இங்கே வந்தால் இன்ட்டுக்கு (முழு எண்ணுக்கு) அப்படி ஒன்று கிடையாது என்று எரர். சரி, 1 கிலோ வரம்புக்கு பைட்ஸ்(1000) என்று போட்டேன், எரர் இல்லை, மெஷினும் ஏற்றுக்கொண்டது, ஆனால் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தும் அலாரம் அடிக்கவில்லை. எங்கே தப்பு?

ஈசூன்_புளோக்:
டு_பைட்ஸ் பைத்தான் 3.2-இல்தான் வந்தது, 2011-இல். 2.7-இல் பைட்ஸ் என்றால் ஸ்ட்ரிங்தான் (எழுத்து வரிசை), பெயர் மட்டும் வேறு. அதனால் நீங்கள் அனுப்பியது 1, 0, 0, 0 என்ற நாலு எழுத்து, அதாவது அந்த எழுத்துகளின் ஆஸ்கி எண்களான 49, 48, 48, 48. நீளமும் சரியாக 4 பைட்டாக அமைந்துவிட்டதால் மெஷின் சந்தேகப்படாமல் அதை 825241648 என்று படித்துக்கொண்டது. கிராம் கணக்கில் 825 டன், அரிசி மூட்டைக்கா அடிக்கும்! ஸ்ட்ரக்ட் மாட்யூலில் பேக் இருக்கிறது, ஃபார்மட்டாகப் பெரிய எழுத்து ஐ கொடுங்கள்.

கோப்பி_கொசொங்:
அண்ணே, ஐ மட்டும் போட்டால் மறுபடி மாட்டிக்கொள்வார். சாதாரண இன்டெல் பிசியில் அது 232, 3, 0, 0 என்று தலைகீழாகப் போகும், மெஷின் 3892510720 என்று படிக்கும். ஐ-க்கு முன்னால் 'பெரியது' குறியை (>) போட்டால்தான் 0, 0, 3, 232 என்று போகும். அந்தக் குறியை மறந்து நான் ஒரு ராத்திரி முழுக்க கேபிளைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய_பாம்பு:
8 பைட் வரை ஸ்ட்ரக்ட் போதும், அதற்கு ஐ-க்குப் பதில் பெரிய எழுத்து கியூ. அதைவிடப் பெரிய எண் என்றால் ஹெக்ஸ் (16 அடிமான) ஸ்ட்ரிங்காக்கி டிகோட் பண்ணலாம், ஆனால் இலக்கங்கள் ஒற்றைப்படையாக வந்தால் எரர் அடிக்கும் (1000-க்கே 3e8 என்று மூன்று இலக்கம்தான் வரும்), முன்னால் சைபர் நிரப்பிவிடுங்கள்.

துவாஸ்_நைட்ஷிப்ட்:
குறியோடு போட்டேன், ஓடிவிட்டது. 1 கிலோ சீனிப் பாக்கெட் மேல், கட்டி வாங்கிவந்த கோப்பி-ஓ பையை வைத்ததுமே அலாரம் அலறி, தூங்கிக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் எழுந்து ஓடிவந்துவிட்டார்.