கியர் விழ மறுக்கிறது: கிளட்ச் செட் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது பழைய டீசல் கார், ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் இயங்குவது). கொஞ்ச நாளாக முதல் கியர் விழ அடம் பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். இஞ்சினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் லேசாக விழுகிறது. ஓட்டிப் பார்த்த மெக்கானிக், கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டையே (பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்து) மாற்ற வேண்டும் என்கிறார். செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில் 1:
கையோடு சரி சொல்லிவிடாதீர்கள். இஞ்சின் ஓடாதபோது லேசாக விழுகிறது என்றால், கிளட்ச் முழுசாக கட் ஆகவில்லை, அதாவது மிதித்தும் இஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரிக்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெடலுக்கு அடியில் கால் மேட் மடிந்து கிடக்கிறதா பாருங்கள். அப்புறம் பெடலை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்துவிட்டு கியர் போடுங்கள். அப்போது விழுந்தால், கிளட்ச் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கும் அல்லது ஆயில் கசியும்.

பதில் 2:
மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இஞ்சின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்காமல் இருக்கிறதா? கருகல் வாடை? அப்படியென்றால்தான் கிளட்ச் பிளேட் தேய்ந்த கதை. இரண்டாவது கியர் மட்டும் உரசினால் சிங்க்ரோ ரிங்கை (கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) பார்க்கணும்.

கேள்வி கேட்டவர்:
மேட்டில் நன்றாக இழுக்கிறது, வாடையும் இல்லை. மிதித்து மிதித்துப் போட்டால் கியர் விழுகிறது! பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே. கிளட்ச் பெடலுக்கு மேலே, கம்பி உள்ளே போகும் இடத்தில் விரல் வைத்தால் பிசுபிசுப்பு.

பதில் 1:
மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) சீல் போயிருக்கிறது. தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். நிறைய கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான், அதில் ஆயில் குறைந்தால் பிரேக்குக்கும் ஆபத்து. ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் வேண்டாம். சிலிண்டரை மாற்றி, லைனில் இருக்கும் ஏர் எடுத்து, மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயில் வகையையே (டாட் 3 அல்லது டாட் 4) ஊற்றச் சொல்லுங்கள். அவசரத்துக்கு இஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இன்னொன்று, ஸ்லேவ் சிலிண்டரும் (அந்த ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டர்) கசிகிறதா பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் அது கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கும், எளிது. சிலவற்றில் உள்ளேயே இருக்கும். அது போயிருந்தால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்போது தேய்ந்த பிளேட்டையும் சேர்த்து மாற்றுவது லாபம், இறக்கி ஏற்றும் கூலி ஒரு தடவையோடு போகும்.

கேள்வி கேட்டவர்:
மாஸ்டர் சிலிண்டர் மாற்றியாயிற்று, ஸ்லேவில் கசிவு இல்லை. ரிவர்ஸ் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது, மிக்க நன்றி! பெடலை மிதிக்கும்போது மட்டும் மெல்லிய உறுமல் கேட்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது.

பதில் 2:
அது ரிலீஸ் பேரிங்காக (பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தும் பேரிங்) இருக்கும். சத்தம் கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் தள்ளிப்போடாதீர்கள். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், பேரிங்குக்கு வேலை குறையும்.